ஜகாத் இல்லாத ரமலான்

பட்டுக்கோட்டை மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடையில் நின்று, "சஃபியா இன்னிக்கு ஏறிடுச்சா, இறங்கிடுச்சா?" என்று யாராவது கேட்டால் வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் செல்போனை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்வார்கள். சேக் தாவூது தன் தேங்காய்க் கம்பெனிக்கு மனைவியின் பெயரை வைத்து, அதைப் பங்குச் சந்தையிலும் ஏற்றிவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. பெயர் வைத்தவருக்கு அதில் பெருமை. பெயருக்கு உரியவளுக்கோ கடைத்தெருப் பக்கம் போகவே கூச்சம்.

போன வாரம் அந்த வீட்டில் இரண்டு காரியங்கள் முடிவாயின. மார்ச் முடிவதற்குள் சென்னையிலிருந்து ஆடிட்டர் வந்து, கோடவுன்களில் இருக்கும் கொப்பரையை நேரில் எண்ணிப் பார்க்கப்போகிறார் என்று தகவல் வந்தது. குவைத்திலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்ட சஃபியாவின் தம்பி உபைதுல்லா, அங்கே கிரேன் ஓட்டிச் சேர்த்த பணம் முழுவதையும் மச்சானின் கம்பெனியில் போடச் சம்மதித்தார்.

"மச்சானுக்காக இல்லைக்கா. கணக்கைப் பாக்கிறது நம்ம சபி. அவ கையெழுத்துப் போட்ட கணக்குல தப்பு இருக்குமா?" என்று அவர் சொன்னபோது சபிஹா வெட்கப்பட்டுச் சிரித்தாள். சேக் தாவூதை 'அத்தா' என்று கூப்பிடும் ஒரே மகள் அவள். கணவன் கத்தாரில் இருக்க, பிறந்த வீட்டிலேயே தங்கி, கம்பெனியின் நிதி அதிகாரி என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் இந்த வாரம் அழப்போகிறாள்.

ஆடிட்டர் வருகிற நாள் விடிந்தது.

விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுது முடித்து, சபிஹா கொஞ்சம் கண் அசரலாம் என்று படுத்த நேரத்தில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே வழக்கமான பெண்கள். ரமலான் பாதியைத் தாண்டிவிட்டால் சேக் தாவூது வீட்டு ஜகாத்துக்கு அவர்கள் வருவது ஊரறிந்த விஷயம். ஒவ்வொருத்திக்கும் ஒரு சேலை, அரிசி, கையில் ஒரு கவர். புருஷனை இழந்த ஷமா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்தக் கவரை வைத்துத்தான் தையல் மெஷின் வாங்கினாள்.

இன்றைக்கு அம்மா அரிசி மட்டும் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். சேலை இல்லை, கவரும் இல்லை. பெண்கள் வாங்கிக்கொண்டு, நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டுப் போனார்கள்.

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்த சஃபியாவின் முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா?"

"என்ன என்னம்மா? உங்க அத்தாவைக் கேளு. பேப்பர்ல போட்டான், கம்பெனி லாபம் அவ்வளவு, இவ்வளவுன்னு. இங்க கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பாயிடுச்சு. முன்னாடியெல்லாம் சேலைக் கட்டு இந்த ரூமை அடைக்கும். போன வருஷம் பாதியாச்சு. இந்த வருஷம் அரிசி மூட்டையை இறக்கிட்டு, 'இதைக் கொடு, போதும்'கிறாரு."

"பெருநாளுக்குள்ள மறுபடி கொடுப்பாரா இருக்கும்மா."

"நானும் அதைத்தான் கேட்டேன். ஜகாத்தை எப்பங்க கொடுக்கப் போறீங்கன்னு. அதுக்கு ஒரு பேச்சுப் பேசினாரு பாரு." சஃபியா குரலைத் தாழ்த்தினாள். "'இது சதகா. ஜகாத்துன்னு சொல்லி யாருக்கும் கொடுத்துடாதே'ன்னாரு. கொடுக்க மனசே வரலை போல இருக்கு. சட்டி நெறைய இருந்தும் அகப்பையில வரலைன்னா, அள்ளுற கை சரியில்லைன்னுதானே அர்த்தம்?"

சஃபியா முகம் கழுவப் போனாள். சபிஹா நின்ற இடத்திலேயே நின்றாள்.

சதகா என்பது மனமுவந்து கொடுப்பது. ஒரு பிடி அரிசியும் சதகாதான், ஒரு சிரிப்பும் சதகாதான் என்பார்கள். ஜகாத் அப்படியில்லை. அது கடமை. கையில் இருக்கும் பணம், நகை, விற்பனைக்கு வைத்திருக்கும் சரக்கு எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, மிச்சத்தில் நாற்பதில் ஒரு பங்கு. மிச்சம் இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். மிச்சமே இல்லையென்றால், ஜகாத்தும் இல்லை.

அத்தாவைக் கஞ்சன் என்று அம்மா நினைக்கலாம். கோபத்தில் மனைவிமார்கள் எதையும் நினைப்பார்கள். ஆனால் சபிஹாவுக்கு அத்தாவைத் தெரியும். தெரியாமல் கடையில் கூடுதலாகச் சில்லறை வாங்கிவிட்டால் திரும்பப் போய்க் கொடுக்கிறவர். ஜகாத்தில் ஒரு ரூபாய் குறைத்தாலும் அது வயிற்றில் நெருப்பு என்று அவளைச் சிறுபிள்ளையிலேயே பயமுறுத்தி வைத்தவர். அப்படிப்பட்டவர் 'இது ஜகாத் இல்லை' என்று சொல்கிறார் என்றால், அவர் மனசறிந்த கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை.

அப்படியானால் அவள் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு?

அதில் இரண்டு கோடவுன் நிறையக் கொப்பரை இருக்கிறது. பேராவூரணியில் ஒன்று, பட்டுக்கோட்டைக்கு வெளியே ஒன்று. எவ்வளவு இருப்பு என்பதை அத்தா போனில் சொல்வார், அவள் அப்படியே ஏற்றிக்கொள்வாள். விற்காமல் கிடக்கும் சரக்கைக் கூட்டிக் காட்டினால் விற்ற சரக்கின் செலவு குறைந்து தெரியும், செலவு குறைந்தால் லாபம் தானாக வீங்கும். இது கணக்குப் படித்த யாருக்கும் தெரிந்த பாலபாடம். அவளுக்கும் தெரியும். அத்தா சொல்கிற எண்ணை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க மட்டும் இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை. பெற்ற தகப்பன் சொன்னதை எந்த மகள் தராசில் வைத்துப் பார்ப்பாள்?

இன்றைக்கு எண்ணி முடித்ததும் 'இருப்பு சரிதான்' என்று ஆடிட்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான்.

அத்தா சஹர் முடிந்த கையோடு பேராவூரணிக்குக் கிளம்பிப் போயிருந்தார். சபிஹா காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

*

பேராவூரணி கோடவுன் கதவு திறந்திருந்தது. உள்ளே கூரையைத் தொடுமளவுக்கு மூட்டைகள். காய்ந்த தேங்காய் வாசனை மூக்கை அடைத்தது. அதைப் பார்த்ததும் சபிஹாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. நோன்புக் களைப்பில் நான்தான் என்னென்னவோ நினைத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆடிட்டர் இளையபெருமாள் நன்னிலத்துக்காரர். சென்னைக்குப் போய்ப் பெரிய ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்த வாலிபர். வரிசை வரிசையாக எண்ணினார். அங்கங்கே மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்த்தார். கொப்பரைதான். முகத்தில் திருப்தி தெரிந்தது.

"பட்டுக்கோட்டை கோடவுனையும் பார்த்துட்டா முடிஞ்சுது சார்."

"பாக்கலாம் தம்பி, என்ன அவசரம்? வீட்டுல உங்களுக்காகப் பிரியாணி ஆகுது. சாப்பிட்டுட்டு, கொஞ்சம் படுத்துட்டு, வெயில் தாழப் போகலாம்" என்றார் சேக் தாவூது.

"ஐயையோ, நீங்கள்லாம் நோன்பு. நான் மட்டும் எப்படி சார் சாப்பிடுறது?"

"விருந்தாளியைப் பட்டினி போட்டா எங்க நோன்புதான் கூடாம போயிடும். வாங்க."

இளையபெருமாள் காரில் ஏறியதும் சேக் தாவூது மகளை ஓரமாக அழைத்தார். ஒல்லியான மனிதர். இந்த ரமலானில் இன்னும் இளைத்துப்போய், சட்டை தோளில் தொங்கியது.

"சபி, அவரைக் கூட்டிட்டுப் போய் நல்லா உபசாரம் பண்ணு. ஒரு ரெண்டு மணி நேரம் வீட்டைவிட்டுக் கிளம்பாம பாத்துக்க. நான் பின்னாலேயே வரேன்."

"எதுக்கு ரெண்டு மணி நேரம்?"

அவர் வாட்சைப் பார்த்தார். கோடவுனுக்குப் பின்பக்கம், புளியமர நிழலில் காலி லாரிகள் வரிசையாக நின்றன. லோடுமேன்கள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். லாரிகளின் பின்கதவுகள் இறக்கிவிடப்பட்டிருந்தன.

கூரை வரைக்கும் இருந்த மூட்டைகளைச் சபிஹா திரும்பிப் பார்த்தாள். இவைதான் மொத்தமும். பட்டுக்கோட்டையில் ஒன்றுமில்லை. ஆடிட்டர் போய்ச் சாப்பிட்டு எழுவதற்குள் இதே மூட்டைகள் அங்கே போய் அடுக்கப்படும். இவர் அங்கேயும் போய் எண்ணுவார்.

அவள் அத்தாவிடம் ஒன்றும் கேட்காமல் காரில் ஏறினாள்.

*

நோன்போடு பிரியாணி சமைப்பது ஒரு வித்தை. உப்புப் பார்க்க முடியாது, காரம் பார்க்க முடியாது. கை அளவுதான். சஃபியாவின் கை ஒருநாளும் தப்பியதில்லை. விஷயம் தெரியாத அந்த மனுஷி, வீட்டுக்கு வந்த பிள்ளை பசியோடு இருக்கிறதே என்று, பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள்.

இளையபெருமாள் கூச்சத்தோடு மெல்ல மெல்லச் சாப்பிட்டார். அவர் மெல்லும் ஒவ்வொரு வாய்க்கும் பேராவூரணி ரோட்டில் லாரி கொஞ்ச தூரம் முன்னேறுகிறது என்று சபிஹாவுக்குத் தோன்றியது. எதிரில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்றாள். சொன்ன வாயை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சேக் தாவூது வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்த நேரம் பார்த்து, சபிஹாவின் போன் அடித்தது. உபைதுல்லா மாமா.

"சபி, நான் பேங்குல நிக்கிறேம்மா. ஆடிட்டர் வந்துட்டாரா?"

"வந்திருக்காங்க மாமா. சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"எல்லாம் சரியா இருக்கா? செக்கு எழுதிக் கையில வெச்சிருக்கேன். நீ ஒரு வார்த்தை சொன்னீன்னா போட்டுட்டுப் போயிடுவேன்."

கூடத்தில் அத்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே ஆடிட்டர் எலும்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். அம்மா தயிர்ப் பச்சடியோடு பக்கத்தில் நின்றாள். வேண்டாம் மாமா என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். அந்த இரண்டையும் இந்த மூன்று பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது?

"நோன்பு திறக்க வீட்டுக்கு வாங்க மாமா. பேசிக்கலாம்" என்றாள்.

"சரிம்மா, சரிம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

*

பட்டுக்கோட்டை கோடவுனில் அடுக்கு கனகச்சிதமாக இருந்தது. இளையபெருமாள் மறுபடி எண்ணினார். மறுபடி மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். வெளியே சுவரோரம் லோடுமேன்கள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பேராவூரணியில் பார்த்த அதே முகங்கள். சபிஹாவைக் கண்டதும் அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எண்ணி முடித்து வெளியே வந்த இளையபெருமாள், சுவரோரம் இருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. ஆபீஸ்ல பேசினேன். நாளைக்குக் காலையில இன்னொருத்தரையும் அனுப்புறாங்க. அவர் பேராவூரணியில, நான் இங்க. ஒரே நேரத்துல இன்னொரு தடவை எண்ணிடுவோம். அப்புறம் உங்க கையெழுத்தை வாங்கிக்கிறேன்."

"ஏன், ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. பிரியாணி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

அவர் லாட்ஜுக்குப் போய்விட்டார். சேக் தாவூது கோடவுன் ஆபீஸ் அறையில் அசர் என்னும் மாலைத் தொழுகையை முடித்துவிட்டு, விரிப்பை மடிக்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தார். சபிஹா கதவைச் சாத்தினாள்.

"அத்தா, இந்த வருஷம் ஏன் ஜகாத் இல்லை?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கொப்பரையைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்திருப்பார்.

"அம்மா சொன்னாளா?"

"சதகான்னு சொல்லச் சொன்னீங்களாம். நான் போட்ட கணக்குப்படி பார்த்தா நீங்க லட்சக்கணக்குல ஜகாத் கொடுக்கணும். உங்க கணக்குல எவ்வளவு வருது?"

அவர் விரிப்பின் ஓரத்து நூலைத் திருகினார்.

"கஜா புயலடிச்ச வருஷம் ஒரே ராத்திரியில எல்லாத் தோப்பும் சாஞ்சுது. காய் கொடுத்தவனுக்குப் பணம் பாக்கி, பேங்குக்கு வட்டி பாக்கி. சரக்கு இருக்குன்னு காட்டினாத்தான் கடனை நிறுத்தாம வெச்சிருப்பேன்னான் பேங்க்காரன். ஒரே ஒரு தடவைன்னு காட்டினேன். அடுத்த வருஷம் அந்தச் சரக்கு எங்கேன்னு கேட்பானே, அதனால இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அப்புறம் ஷேர் மார்க்கெட்டுக்குப் போனா பணம் வரும், எல்லாத்தையும் அடைச்சுடலாம்னு ஒருத்தன் யோசனை சொன்னான். வந்துச்சு. பழைய ஓட்டையிலேயே போச்சு."

"இத்தனை பேருக்குக் காட்டின சரக்கை, ஜகாத் கணக்குல மட்டும் ஏன் காட்டலை?"

"படைச்சவன்கிட்ட எப்படிம்மா பொய்க் கணக்குக் காட்டுறது?" என்றார் சேக் தாவூது. உண்மையிலேயே புரியாதவர் போல அவளைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியாதா?"

சபிஹாவுக்கு நெஞ்சு கொதித்தது. அத்தாவிடம் அவள் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது.

"அவனுக்குத் தெரியும்னு அவன்கிட்ட பயந்தீங்க. எனக்குத் தெரியாதுன்னுதானே என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க? நாளைக்குப் போலீஸ் வந்தா என் பேரைத்தானே முதல்ல கேப்பாங்க?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை.

"உபைது பணம் வந்துச்சுன்னா, பேங்கை ஆறு மாசத்துக்கு வாயடைச்சுடலாம்மா. அதுக்குள்ள..."

"மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அவர் எழுந்து விரிப்பை மடித்தபடி, "நோன்பு திறந்ததும் சொல்லிடறேன்" என்றார். நோன்பாளியின் வாக்கு என்று சபிஹா அதை நம்பினாள்.

*

நோன்பு திறக்கும் பாங்கு சொல்ல ஐந்து நிமிஷம் இருக்கும்போது உபைதுல்லா வந்தார். கையில் ஒரு பை முழுக்கப் பழங்கள். அரபு நாட்டு வெயிலில் கறுத்த உடம்பு, ஊருக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் சதை பிடிக்க ஆரம்பித்திருந்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பைத் திறந்து, தொழுதுவிட்டு எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சஃபியா கஞ்சியை ஊற்றி வைத்தாள்.

சபிஹா அத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அத்தா, மாமாகிட்ட என்னவோ பேசணும்னீங்களே" என்றாள்.

"பேச என்ன இருக்கு?" உபைதுல்லா சிரித்தார். "செக்கைப் போட்டாச்சு மச்சான். நாளைக்குக் காலையில கம்பெனி கணக்குல ஏறிடும்னான். சபியைக் கேட்டேன், அவ ஒண்ணும் வேணாம்னு சொல்லலை. சொல்லியிருந்தா போட்டிருப்பேனா?"

சபிஹா அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். பார்க்காமலேயே இருந்திருக்கலாம். பல நாளாக அந்த முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்து, அவர் நிம்மதியாக ஒரு மிடறு கஞ்சி குடித்தார். இனி அவர் எதுவும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தானாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், ஒரு சந்தேகம். போன தடவை வந்தப்போ கம்பெனி ஷேர் கொஞ்சம் வாங்கினேன்ல, அதுக்கு இந்த வருஷம் எவ்வளவு ஜகாத் கொடுக்கணும்? பள்ளிவாசல்ல ஹஜ்ரத்கிட்ட கேட்டேன். கம்பெனியில இருக்கிற சரக்கு, காசு, கடன் எல்லாம் பாத்துத்தான் சொல்லணும், உன் மச்சான்கிட்டயே கேளுன்னுட்டாரு. நீங்க கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்லுங்க. ஷமாவுக்குத்தான் கொடுக்கலாம்னு எங்க வீட்டுல அனீஸா சொல்றா. அதுல எனக்குப் பிசகு வந்துடக் கூடாது."



சேக் தாவூது கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் முடிந்தது. பேங்குக்குச் சொன்னார், ஆடிட்டருக்குச் சொன்னார், ஷேர் வாங்கிய ஆயிரம் பேருக்குச் சொன்னார். மச்சினனுக்குச் சொல்வதில் என்ன? அவர் உதடு இரண்டு முறை அசைந்தது.

"உன் பங்குக்கு ஜகாத் கடமையில்லை, உபைது" என்றார் கடைசியில்.

"ஏன் மச்சான்? கம்பெனியே கொடுத்துடுதா?"

சேக் தாவூது மகளைப் பார்த்தார்.

"சபி, நீ சொல்லும்மா. நீதானே கணக்கு. ஏன் கடமையில்லைங்கிறாரு?"

"பங்குக்குப் பின்னாடி சரக்கு இல்லை, மாமா" என்றாள் சபிஹா. மத்தியானம் வராத வார்த்தைகள் இப்போது வந்தன. "ஒரே கொப்பரையைத்தான் ரெண்டு கோடவுன்லயும் மாத்தி மாத்தி வெச்சுக் காட்டியிருக்கோம். இருக்கிறதைவிடக் கடன் அதிகம். உங்க பணம் நாளைக்கு ஏறினதும் பேங்க் வட்டிக்கு எடுத்துக்கும்."

உபைதுல்லா சிரிப்பு மாறாமல் இரண்டு பேரையும் பார்த்தார். யாராவது 'சும்மா சொன்னோம்' என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. யாரும் சொல்லாததால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

சுவரில் சாய்ந்து நின்ற சஃபியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதனாலதான் சதகான்னீங்களா?" என்றாள் கணவனிடம். "நான் காலையிலேருந்து உங்களைக் கஞ்சன்னு ஏசிக்கிட்டு இருந்தேனே. கஞ்சனாவே இருந்திருக்கக் கூடாதா நீங்க?"

"சஃபியா..."

"கூப்பிடாதீங்க. அந்தப் பேரைத்தான் ஊரெல்லாம் வித்துட்டீங்களே." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "உபைது, காலையில பேங்க் திறந்ததும் போய்ச் செக்கை நிறுத்து."

"பணம் ஏறினா நாளைக்கு எண்ணுறதை எப்படியாவது தள்ளிப்போட்டுப் பாப்பேன். நிறுத்தினா, நாளைக்கே எல்லாம் வெளியில வந்துடும்" என்றார் சேக் தாவூது. "நான் மட்டுமில்ல, சபியும் உள்ள போகணும். அவ கையெழுத்து இருக்கு. யோசிச்சுக்க."

சஃபியா மகளைப் பார்த்தாள். தம்பியிடம் சொன்னதை அவள் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

உபைதுல்லா எழுந்தார். கஞ்சி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. செருப்பைத் தேடிக் காலை நுழைத்தவர், சபிஹாவிடம், "மத்தியானம் கேட்டேனேம்மா" என்றார். அதில் கோபம் துளியும் இல்லை. சபிஹாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. 'ஆமாம் மாமா' என்று மட்டும் சொன்னாள், அதுவும் அவர் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

அவர் வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"மச்சான், போன வாரம் நீங்க என்கிட்ட பணம் கேட்டீங்களே. அன்னிக்கும் நோன்பு வெச்சுக்கிட்டுத்தானே கேட்டீங்க?"

சேக் தாவூது தலையைக் குனிந்துகொண்டார். உபைதுல்லா ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கே போய்த்தான் ஸ்டார்ட் பண்ணினார். செக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.